திருவாதிரை மங்குகிறது

– வெடிக்கப் போகுதுக்கா. நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ.

– போன மாசமும் இதையேதான் சொன்னே. இந்தப் போர்வையை அந்தப் பக்கம் பிடி, மடிக்கணும். இருட்டிடுச்சு.

– போர்வை கிடக்கட்டும். திருவாதிரைக்கு வயசாயிடுச்சு. நாளுக்கு நாள் மங்குது. இப்படியே மங்கி மங்கி ஒரு நாள் டமார்னு வெடிக்கும். அப்புறம் பட்டப்பகல்லயே தெரியும், பாரு.

– பகல்ல நட்சத்திரம் பாக்க வெடிப்பு எதுக்கு? நான் ஒண்ணு வச்சா போதாதா?

– சிரி, சிரி. ஒருவேளை எப்பவோ வெடிச்சே முடிஞ்சிருக்கலாம். வெளிச்சம் இங்க வந்து சேரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்.

– கடைக்கு அனுப்பினா நீ திரும்பி வர்ற மாதிரி.

– அக்கா, அது வெடிக்கிற அன்னைக்கு முதல்ல சொன்னது யாருன்னு உலகமே கேக்கும். ஒரு ரயில் டிரைவர்னு பதில் வரும்.

– சரிங்க டிரைவர். உன் வானம் பாக்கற குழுவுல என்ன சொல்றாங்க?

– அவங்களா? முன்னாடி மங்கினது நிஜம்தானாம், இப்போ பழையபடி தேறிடுச்சாம். எல்லாரும் ஒரே அளவைப் போடறாங்க. உனக்கு மட்டும் தனியா வானம் வாங்கி வச்சிருக்கியான்னு ஒருத்தன் கேக்கறான்.

– நியாயமான கேள்வி.

– ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிக்கறாங்கக்கா. என்னை மாதிரி ஒழுங்கா யாரு அளக்கறா? பக்கத்துல இருக்கற வெள்ளை நட்சத்திரங்களோட ஒப்பிடணும். இடது கண்ணை உள்ளங்கையால மூடிக்கணும். எப்பவும் வலது கண்தான். கண்ணை மாத்தினா அளவும் மாறிடும்.

– காட்டு, நானும் பாக்கறேன். எது?

– தண்ணித் தொட்டிக்கு மேல வரிசையா மூணு இருக்கில்ல? அதுக்கும் மேல. பழுப்பா, உயிரே இல்லாம.

– பழுப்பா? நெருப்புத் துண்டாட்டம் செக்கச்செவேல்னு இருக்கேடா.

– நீ வேற எதையோ பாக்கற.

– அந்தப் பக்கமே சிவப்பா இருக்கறது அது ஒண்ணுதான். கையை எடு. இப்போ வலது கண்ணை மூடிட்டுப் பாரு.

– கண்ணை மாத்தினா கணக்கு தப்பும்னு இப்பதானே சொன்னேன்.

– உன் கணக்கை உடைப்புல போடு. மூடு.

– அக்கா.

– என்னடா?

– சிவப்பா இருக்கு.

– அதைத்தானே சொல்றேன்.

– இல்லக்கா. இந்தக் கண்ணுல சிவப்பு. அந்தக் கண்ணுல துரு. உன் கையில என்ன துண்டு அது?

– உன்னோட சிவப்புத் துண்டுதான். இரு, மாடி விளக்கைப் போடறேன். ம், பாரு.

– இடதுல சிவப்பு. வலதுல, துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி.

– புதுசுடா. இன்னைக்குத்தான் முதல் தடவை துவைச்சேன்.

– அப்போ மங்கறது திருவாதிரை இல்ல.

– வாயை அலம்பு. சரியாத் தூங்கறதில்ல, களைப்பா இருக்கும். நாளைக்கே கண் டாக்டரைப் பாத்துடலாம்.

– நாளைக்கு விடியக்காலை வண்டி.

– போயிட்டு வந்து பாத்துக்கலாம். ரெண்டு கண்ணையும் திறந்தா சிக்னல் தெரியுதில்ல?

– தெரியுது.

– அப்புறம் என்ன? யார்கிட்டயும் மூச்சு விடாதே. வருஷக்கணக்கா சரக்கு வண்டியில தேஞ்சு, இப்பதான் எக்ஸ்பிரஸ் குடுத்திருக்காங்க. கண்ணுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா இறக்கி விட்டுடுவாங்க. திரும்ப ஏத்த மாட்டாங்க.

– எனக்குத் தெரியாதா?

– தெரியுமில்ல? அப்போ ஒரு வாரம் பொறு. சொட்டு மருந்து குடுப்பாங்க, சரியாயிடும். இப்போ எதுக்குடா போனை எடுக்கற? குழுவுல போடப் போறியா? சிரிப்பாங்க.

– வணக்கம் சார். நாளைக்குக் காலையில என் வண்டிக்கு வேற டிரைவரைப் போடுங்க. எனக்குச் சிவப்பு மங்குது.