கடைசிப் பக்கத்தில் திருந்துகிறவன்

காலை எட்டேகால், வத்தலக்குண்டு பேருந்து. முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் மடியில் ஒரு மாத நாவல்.

"சிரிக்கவே மாட்டேங்கிறான், எல்லாரையும் முறைக்கிறான். அம்புட்டுப் புடிச்சிருக்குடி" என்றாள்.

"யாரு, கதையில வாரவனா, நேத்து ஒன்னயப் பொண்ணு பாக்க வந்தவனா?" என்று தோழி கேட்டாள்.

"ரெண்டு பேருந்தான்."

"வந்த எடத்துலயே அவுக அம்மாவ வாய மூடுன்னு அதட்டுனானாமே?"

"கோவக்காரன்டி. கதையிலயும் இப்படித்தான், கடைசிப் பக்கத்துல திருந்திருவான்."

"அவுக அம்மா முப்பது வருசமாப் பக்கத்தப் புரட்டிக்கிட்டுத்தான இருக்காக, பாவம்!"

செம்பட்டி வந்ததும் சன்னலோரத்துப் பெண் பக்கத்தை மடக்கி நாவலை மூடினாள். கைப்பேசியை எடுத்தாள்.

"அம்மா, அந்த மாப்ள வீட்டுல வேணாம்னு சொல்லிரு."

பேசி முடித்ததும், மடக்கி வைத்திருந்த பக்கத்திலிருந்து நாவலைத் தொடர்ந்தாள்.