உரிமையாளரைக் காணவில்லை

— அது நான் இல்லைங்க. வேற வெர்லின்.

— இந்த மாநிலத்துல வெர்லின் ஹாஃப்ஸ்டாட்னு இன்னொருத்தன் இருக்கானா? இத பாரு, கடைசி விலாசம் மேப்பிள் தெரு, நாப்பத்திரண்டு. நம்ம பழைய வீடு. அதுக்கு வெள்ளையடிச்சவளே நான்தான்.

— மேடம், நீங்க இவரு மனைவியா?

— முப்பத்தோரு வருஷமா. பேரு ஆர்டிஸ். மாநிலச் சந்தைக்கு வந்தோமா, வெண்ணெய்ல செஞ்ச பசுச் சிலையைப் பார்க்க வரிசையில நின்னோமா, இந்தச் சாவடியிலருந்து நீங்கதான் கூப்பிட்டீங்க, ‘உங்க பேர்ல அரசாங்கத்துக்கிட்ட ஏதாச்சும் கேப்பாரில்லாம கெடக்கான்னு பாருங்க’ன்னு. சும்மா இவரு பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டச் சொன்னேன். பார்த்தா பாங்க் லாக்கர்! எனக்குத் தெரியாம!

— ஆர்டிஸ், சாசேஜ் ஆறிடும். வா போலாம்.

— ஆறட்டும். எவ எழுதின லெட்டர் அதுல இருக்கு?

— எவளும் இல்ல, சத்தியமா.

— சார், எங்க விதிப்படி சொல்லிடறேன். பாங்க் வாடகை கேட்டு எழுதியும் உங்ககிட்டருந்து பதில் இல்ல. லாக்கரை உடைச்சு உள்ள இருந்ததை எங்களுக்கு அனுப்பிட்டாங்க. நாங்களும் தேடினோம். ‘உரிமையாளரைக் காணவில்லை’ன்னு பதிவு பண்ணிட்டோம்.

— காணலையா? போன மாசம் வேகமா ஓட்டினாருன்னு அபராதச் சீட்டு மூணாம் நாள் வீடு தேடி வந்துது. கோர்ட்டு ஜூரியில உக்காரச் சொல்லிக் கடுதாசி வருது. நாய்க்கு லைசென்ஸ் புதுப்பிக்கலைன்னு நாய் பேரைப் போட்டே எழுதுறீங்க!

— அதெல்லாம் வேற துறை, மேடம். எங்களுக்கு மேப்பிள் தெரு மட்டும்தான் தெரியும். கடுதாசி போட்டோம், திரும்பி வந்துது. மறுபடியும் போட்டோம்.

— எங்க?

— மேப்பிள் தெருவுக்கு.

— அந்த வீட்டை இடிச்சு ரோடு போட்டதே உங்க அரசாங்கம்தானே!

— அது ரோட்டுத் துறை.

— அடக் கடவுளே. சரி, இவரு இதைக் கேக்கலைன்னா என்ன ஆகும்?

— இந்த மாசத்தோட கெடு முடியுது. நகைன்னா ஏலம் விடுவோம். காகிதம்னா மெஷின்ல போட்டு அரைச்சிடுவோம்.

— அரைங்க! இன்னைக்கே அரைங்க!

— வெர்லின், காகிதம்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— சார், பதினோரு வருஷமா இந்தச் சாவடியில உக்காந்திருக்கேன். தன்னுது இல்லாததைத் தன்னுதுன்னு சொன்னவங்க எத்தனையோ பேர். தன்னுதை இல்லைன்னு சொல்றவரை இப்பதான் பார்க்கிறேன்.

— உள்ள என்ன இருந்துதுன்னு நீங்க படிங்கம்மா.

— விதிப்படி அவரு சம்மதிக்கணும், மேடம்.

— வெர்லின். சம்மதி.

— சம்மதம்.

— ஒரே ஒரு பொருள்தான். கல்யாண லைசென்ஸ். பாதிரியார் கையெழுத்து, சாட்சிங்க கையெழுத்து எல்லாம் இருக்கு. கவுண்டிப் பதிவு ஆபீஸ் விலாசம் எழுதின கவர்ல, ஸ்டாம்ப் ஒட்டின மேனிக்கு. சார், இதை கவுண்டிக்கு அனுப்பினாத்தானே உங்க கல்யாணம் அவங்க புத்தகத்துல ஏறும்?

— பாதிரியார் தபால்ல போடத்தான் சொன்னாரு. எனக்குத் தபால்காரன் மேல நம்பிக்கை இல்ல. நேர்ல கொண்டு போய்க் கொடுக்கலாம்னு லாக்கர்ல வச்சேன். சோள அறுவடை வந்துது. அப்புறம் பனி வந்துது. அப்புறம் வெக்கம் வந்துடுச்சு.

— அப்ப நமக்குக் கல்யாணமே ஆகலையா?

— கவுண்டி புத்தகத்துல ஆகலை, மேடம். வரித் துறையில நீங்க தம்பதி. நாய் லைசென்ஸ்ல தம்பதி. எங்க படிவத்துல ‘உரிமையாளருக்கு என்ன உறவு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?

— ஆர்டிஸ், என்னை மன்னிச்சிடு. நாளைக்கே போய்ப் பதிஞ்சிடலாம். ஐயோ, அழாத.

— நான் எங்க அழறேன், சிரிக்கிறேன். என் முதல் புருஷன் ராலண்டோட விவாகரத்து முடிஞ்சிடுச்சுன்னு சொல்லித்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்? அது முடிஞ்சது நம்ம கல்யாணம் ஆகி நாலு மாசம் கழிச்சு, வெர்லின். முப்பத்தோரு வருஷமா நம்ம தெருவுல போலீஸ் கார் திரும்பினாலே நான் கதவைச் சாத்திப்பேன். அந்தக் கவரை மட்டும் நீ தபால்ல போட்டிருந்தா, நான் ரெண்டு புருஷன்காரின்னு ஜெயில்லதானே இருந்திருப்பேன்!