பொம்மைக்கு மூச்சு

எழுபதுகளில் ஒரு காலை. கிழக்கேகோட்டையிலிருந்து மெடிக்கல் காலேஜ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மாமியும், அங்கே டாக்டருக்குப் படிக்கும் அவள் மகளும்.

"நேத்திக்கு நாங்க எல்லாரும் ஒரே வாயில ஊதினோம்மா" என்றாள் மகள். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"யார் வாயிலடீ?"

"ரப்பர் பொம்மையாக்கும். மூச்சு நின்னவாளுக்கு மூச்சு கொடுக்கப் பழகறதுக்கு. பாதிப் பேருக்குப் படம் காட்டிப் பாடம், எங்க பாதிக்குப் பொம்மை. யார் நன்னா செய்யறான்னு ஸார் பரீட்சை வெச்சுப் பாக்கப் போறார்."

"எல்லார் எச்சிலுமா? சீ!"

"ஸ்பிரிட் போட்டுத் தொடைப்போம்மா."

"நெஜ மனுஷாளுக்கு?"

"அதுக்கெல்லாம் ஏது நேரம்? ஒடனே ஊதணும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

தம்பானூரில் பாதி பஸ் இறங்கியது. மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உங்கப்பா போன அன்னிக்கு, டாக்டர் வர வரைக்கும் நான் விசிறிண்டேதான் இருந்தேன்."

பஸ் கிளம்பியதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டீ, அந்தப் பொம்மைகிட்ட என்னையும் ஒரு தடவை விடுவாளா?"