பல் மருத்துவமனையில் மெயின் சுவிட்சை இறக்கியது குறித்து

என் பெயர் முகம்மது சுல்தான், வயது 70, தகப்பனார் பெயர் அலி அஸ்கர், வசிப்பது விக்கிரமசிங்கபுரம். நூல் ஆலையின் மின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டேன், மற்றதை நானாகப் படித்துக்கொண்டேன். வண்ணார்பேட்டையிலுள்ள பல் மருத்துவமனை நிர்வாகம் என்மீது தொடுத்த வழக்கில் இந்த மன்றத்தின் முன் சொல்வதாவது:

கடந்த ஜூலையில் என் மகள் ஸமீஹா, தன் எட்டு வயது மகள் அர்வாவின் தூக்கலான பற்களுக்குக் கம்பி போட அங்கே சென்றாள். நானும் அவள் மாமியார் மஹ்மூதா பீவியும் உடன் சென்றோம். ஸமீஹாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். முன்பு இருமுறை கரு தங்காமல் போனதால், வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மாமியாருக்கும் தெரியாது.

டாக்டர் பிரம்மநாயகி வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அர்வாவின் வாயைப் பார்க்கும் முன்பே எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று ஊழியர் குருபிரசாத் அழைத்துச் சென்றார். இயந்திரத்தைக் கண்டு குழந்தை அழுதாள். அதன்பின் அவர் ஸமீஹாவை அழைத்து, குழந்தையின் தலையை இரு கைகளாலும் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் சுவருக்கு வெளியே வந்து நின்றுகொண்டார். கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று அந்தக் கதவிலேயே எழுதியிருந்தது. ஸமீஹா அதைப் படித்ததையும், மாமியாரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து உள்ளே போனதையும் நான் பார்த்தேன். குருபிரசாத் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அதன்பின் நான், “தம்பி, அவ வெளிய வரட்டும், பொறவு எடும்” என்றேன். காரணம் சொல்லவில்லை. அவர், “எல்லா அம்மாமாரும் இப்படித்தான் புடிச்சிக்கிட்டு நிக்காங்க, அண்ணாச்சி. பயமா இருந்தா கீழ போயி டீ குடிங்க” என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கை பொத்தானுக்குப் போனது. என் பின்னால் சுவரில் மின்பலகை இருந்தது, மெயின் சுவிட்சை இறக்கினேன். கூடம் இருண்டது. உள்ளே டாக்டரின் கருவியும் நின்றது.

டாக்டர் கைப்பேசி வெளிச்சத்தோடு வெளியே வந்து, “யாருவே கரண்ட நிறுத்தினது?” என்றார். “நாந்தாம்மா. எம் மக வயித்துல புள்ள இருக்கு” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். ஸமீஹா, “வாப்பா, சத்தியத்த நடுக்கூடத்துல உடைச்சிட்டியளே” என்றாள். மஹ்மூதா பீவி, “ஏளா, எங்கிட்டயுமா மறைச்ச?” என்று கேட்டார். ஏசுவார் என்று நான் நினைத்திருக்க, தன் துப்பட்டியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

டாக்டர் குருபிரசாத்திடம், “கதிர் கொஞ்சந்தான். அதுக்காக ஒரு ஆளை உள்ள நிறுத்தலாமா? அதுவும் கேக்காம?” என்றார். அதன்பின் விளக்கைப் போடச் சொல்லி, அர்வாவின் வாயைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்றைக்குப் படம் வேண்டாம், பிள்ளைக்குப் பயம் தெளியட்டும் என்றார். அடுத்த முறை இயந்திரத்தை ஓட்டாமல் அதில் உட்காரவைத்துப் பழக்கினார். அதற்கடுத்த முறை அர்வா யாரும் பிடிக்காமல் அசையாமல் இருந்தாள். ஒரே படம், அதுவே போதுமானதாக இருந்தது. இப்போது அங்கே வரும் பெண்களைத் தனியே அழைத்துக் கேட்ட பிறகே அறைக்கு விடுகிறார்கள். கேட்பவர் பிரம்மநாயகி டாக்டரே.

வயோதிகக் குழப்பத்தில் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை விட்டுவிடுவதாக நிர்வாகம் சொல்லியனுப்பியது. மறுத்துவிட்டேன். தெளிந்த புத்தியோடு செய்தேன், வருத்தமில்லை. அபராதம் விதித்தால் கட்டுவேன், அதே நிலை வந்தால் அதே சுவிட்சை இறக்குவேன். எட்டாம் மாத வயிற்றோடு ஸமீஹா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், மன்றம் அழைத்துக் கேட்கலாம்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ‘பதற்றத்தில்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மீதி முழுவதும் நான் சொன்னது, நடந்தது, உண்மை.

(ஒப்பம்)
அ. முகம்மது சுல்தான்