கார்டு ஒருத்தரிடம், நம்பர் ஒருத்தரிடம்

— இன்னொரு தடவை சொல்றேன், பெரியவரே. எங்க ஓட்டல் கிஃப்ட் கார்டைப் பாகம் பிரிக்க முடியாது.

— இன்னாம்மா முடியாதுன்ற? நாலு ஏக்கரா நெலத்தையே கயிறு புடிச்சி ரெண்டாப் பிரிச்சோம். தம்மாத்தூண்டு அட்டை இது. ஆயிரத்து ஐந்நூறு ரூபான்னா எழுநூத்தி அம்பது எனக்கு, எழுநூத்தி அம்பது அந்த ஆளுக்கு. இதுல இன்னா கஷ்டம்?

— எந்த ஆளுக்கு?

— தோ, ஜன்னலாண்ட உக்காந்து வில்லியனூர் ரோட்டைப் பாத்துக்கினு இருக்குதே, அதுக்குத்தான்.

— உங்க தம்பின்னு சொன்னீங்களே?

— கூடப் பொறந்ததுன்னு சொன்னேன். பேச்சுவார்த்தை இல்ல. நாலு வருஷமாச்சு.

— சரி, கார்டைக் குடுங்க. முதல்ல எவ்ளோ இருக்குதுன்னு பாப்போம். ஐயோ மாதாவே, இன்னா பெரியவரே இது? கார்டு பூரா மஞ்சளும் குங்குமமும்!

— கல்யாணப் பொண்ணு கையால குடுத்தது. சாமி படத்தாண்ட வச்சி பொட்டு வைக்காம அப்படியே ஜோபில போட்டுக்குவாங்களா?

— சரியா கோடு இருக்குற எடத்துல வச்சிருக்கீங்க. மெஷினு படிக்க மாட்டேங்குது. துணியால தொடைச்சிக்கட்டுமா?

— தொடை. ஓரத்துல கொஞ்சம் வுட்டுட்டுத் தொடை.

— ஆங், வந்துடிச்சி. சிங்காரவேலு, அபிஷேகப்பாக்கம். வாங்கிக் குடுத்தது இளவரசி. இப்ப கார்டோட அந்த நாலு இலக்க ரகசிய நம்பரைச் சொல்லுங்க.

— அது என்கிட்ட ஏது? அந்த ஆளுகிட்ட இருக்குது. அதும் பொண்ணுதான் இளவரசி. கார்டை என்கிட்ட குடுத்தா, நம்பரை அவ அப்பன்கிட்ட குடுத்தா.

— அதான் வாங்கும்போது ரெண்டு கவர் குடுங்கன்னு கேட்டுச்சா அந்தப் பொண்ணு! போன வாரம் நீங்க கார்டை மட்டும் எடுத்துக்கினு வந்து, நம்பர் வேணும்னதும் கார்டைக் காட்டாமலே திரும்பிப் போனீங்க. புதன்கிழமை அவரு கார்டு இல்லாம வந்து நம்பரை மட்டும் சொன்னாரு. ரெண்டு பேருமே ஒரு மாதிரின்னு நெனைச்சிட்டேன்.

— எங்க போர்செட்டும் அப்படித்தாம்மா. நெலத்தைப் பிரிச்சோம், போரை எப்படிப் பிரிக்கறது? கரண்டு என் பேருல. மோட்டார் கொட்டகை அவன் பாகத்துல. சாவி அவன் இடுப்புல.

— சார்! ஜன்னலாண்ட இருக்குற சார்! அரிகரன் சார்தானே நீங்க? கொஞ்சம் கவுன்ட்டராண்ட வாங்க. நம்பர் வேணும்.

— வந்துட்டேன் மேடம். நம்பர் தரேன், சும்மா சொல்லக்கூடாது, மனப்பாடமா இருக்குது. ஆனா பெரியவரை அந்தாண்ட திரும்பிக்கச் சொல்லுங்க.

— அவரு எதுக்கு சார் திரும்பணும்?

— கார்டும் கையில இருந்து நம்பரும் தெரிஞ்சிபோச்சுன்னா, ஒண்டியா வந்து முழுசையும் சாப்புட்டுப் போயிடலாம் இல்ல?

— ஏம்மா, அந்த ஆளுகிட்ட சொல்லு. அடுத்தவன் சோத்தைத் தின்ற பொறப்பு இல்ல இது. தோ, காதைப் பொத்திக்கறேன். சொல்லித் தொலைக்கச் சொல்லு.

— மேடம், நெசமாவே பொத்திக்கினு இருக்காரா, பாருங்க.

— பொத்திக்கினாரு சார். கண்ணையும் மூடிக்கினாரு. நீங்க எதுக்கும் இந்தத் தாள்ல எழுதுங்க. ம்... சரியா இருக்குது. பெரியவரே, காதுலேருந்து கையை எடுக்கலாம். ஆயிரத்து ஐந்நூறு முழுசா இருக்குது. பணமாத் தர முடியாது, சாப்புடத்தான் முடியும். ரெண்டு பேரும் உக்காருங்க.

— ரெண்டு எடத்துல எல போடு.

— ஞாயித்துக்கிழமைங்க. ஒரு டேபிள்தான் காலி. எதிரெதிரா உக்காராதீங்க, பக்கத்துல பக்கத்துல உக்காருங்க. அப்பதான் மூஞ்சியைப் பாக்க வேணாம்.

— மேடம், ஒண்ணு மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க. அவரு கூப்புட்டாரேன்னுதான் நான் வந்தேன்.

— நான் எப்பம்மா கூப்புட்டேன்? "அப்பா உன்கூட உக்காந்து சாப்புடணும்னு ஆசைப்படறாரு பெரிப்பா"ன்னு இளவரசி போன் பண்ணா. சரி, தொலையுதுன்னு வந்தேன்.

— நான் ஆசைப்பட்டேனா? "பெரிப்பா உன்னை வரச் சொல்லிச்சுப்பா, மதியம் ஒரு மணிக்கு"ன்னு என்கிட்ட சொல்லுச்சு மேடம்!

— பொய்யி.

— கேளுங்க மேடம், பொய்யின்றாரு.

— ரெண்டு பேரும் என்னைப் பாத்து எதுக்கு கத்துறீங்க? நானா போன் பண்ணேன்? உங்க பொண்ணு ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்தியிருக்குது.

— நான் கெளம்பறேன்.

— நானும்தான் மேடம்.

— தாராளமா. இந்த ஓட்டலுக்கு வாசல் ஒண்ணுதான். யாரு முன்னாடி போறது, யாரு பின்னாடி போறதுன்னு முடிவு பண்ணிட்டுப் போங்க. என்ன, ரெண்டு பேரும் நின்னுட்டீங்க?

— வயசுல மூத்தவரு. முன்னாடி போகட்டும்.

— முன்னாடி போனா நான் ஓடிப்போயிட்டேன்னு ஊர்ல சொல்லுவான். நீ எலையைப் போடும்மா.

— போடுறேன். கை கழுவிட்டு வாங்க, பெரியவரே. பைப்பு அந்தாண்ட கோடியில... சார், அவரு போயிட்டாரு. இப்பக் கேக்குறேன். வந்ததுலேருந்து அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்களே, உள்ள இன்னா?

— பத்திரிகை மேடம். வெத்தலை பாக்கு, பழம், ஒரு தட்டு. வர்ற வெள்ளிக்கிழமை இளவரசிக்குக் கல்யாணம். எங்கள்ல முதல் பத்திரிகை சாமிக்கு, ரெண்டாவது மூத்தவருக்கு. அதுக்கப்புறம்தான் ஊருக்கு. நானூறு பத்திரிகை குடுத்து முடிச்சிட்டேன். அந்த ரெண்டாவது மட்டும் இன்னும் பைலயே இருக்குது.

— வூட்டுக்குப் போயிக் குடுக்க வேண்டியதுதானே? ரெண்டு தெரு தள்ளித்தானே இருப்பீங்க?

— ஒரே தெரு. ஒம்போது வூடு தள்ளி. மூணு தடவை போனேன் மேடம். கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். பொண்ணு கறாரா சொல்லிடுச்சு, பெரிப்பா வந்து நிக்கலன்னா மணையில உக்கார மாட்டேன்னு. வெறும் பேச்சுக்குச் சொல்ற பொண்ணு இல்ல அது. அவரு கையில வளந்தது.

— தோ வராரு. இன்னைக்குக் குடுத்துடுங்க.

— வேணாம்னுட்டாருன்னா?

— இன்னா குசுகுசுன்னு பேச்சு?

— இன்னா சாப்புடறீங்கன்னு கேட்டேன், பெரியவரே.

— எனக்கு மட்டன் பிரியாணி மேடம். அவருக்கும் அதே. எலும்பு பாத்துப் போடச் சொல்லுங்க, உறிஞ்சித் தின்னுவாரு. ரெண்டும் ஒரே விலை, கணக்கு நேராப் போவும்.

— எனக்கு சைவ சாப்பாடு போதும்மா.

— அவருக்கா? ஞாயித்துக்கிழமை கறி இல்லன்னா அண்ணிகிட்ட சட்டியைத் தூக்கி அடிப்பாரே!

— கவுச்சி வுட்டு ரெண்டு வருஷமாச்சு. தையலம்மா போனாளே, பதினாறாம் நாள்லேருந்து. ஆக்கிப் போடறவ இல்ல. அப்புறம் நாக்கும் கேக்கல.

— சார், பிரியாணி ஒண்ணுதானே?

— வேணாம் மேடம். எனக்கும் சைவமே போடச் சொல்லுங்க.

— ஏன்னு கேளும்மா. அது வேணும்னா தின்னட்டும். நான் தடுக்கல.

— எனக்கும் நாக்கு கேக்கல, மேடம்.

— சரி, ரெண்டு சாப்பாடு. இன்னைக்கு வேலைக்கு ஆளு கொறைச்சல், நானேதான் பரிமாறணும். பெரியவரே, உங்க வூட்டம்மா ஒடம்பு முடியாம இருந்தாங்களா?

— இல்லம்மா. காலைல களத்தைக் கூட்டினா. நெஞ்சை அடைக்குதுன்னு உக்காந்தா, அவ்ளோதான். ஊரே வந்துச்சு. பாகூர், சோரியாங்குப்பம் சனமெல்லாம் வந்துச்சு. ஒரே ஒரு ஆளு மட்டும் மதகாண்ட மாலையைக் கையில வச்சிக்கினு நின்னுட்டு அப்படியே திரும்பிப் போச்சாம். ஏன்னு கேளு.

— சார், கேக்குறாரு.

— காதுல வுழுந்துச்சு.

— அப்பச் சொல்லுங்க.

— சொன்னா சோறு எறங்காது மேடம்.

— சொல்லலன்னா மட்டும் எறங்குதா? நானும் பாத்துக்கினே இருக்கேன், சாம்பார் ஊத்தி எவ்ளோ நேரமாச்சு, பெசையவே இல்ல.

— எந்த மூஞ்சியை வச்சிக்கினு வர்றதுன்னுதான். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணி எங்க வூட்டுக்கு வந்துச்சு. தனியா, வெயில்ல. "நாத்து காயுதுப்பா அரி, கொட்டகையைத் தொறந்துவுடு, ரெண்டே மணி நேரம் தண்ணி பாச்சிக்கறேன், உங்க அண்ணனுக்குத் தெரியாது"ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு எங்க முறை. நான் சாவி தரல. அவரையே வந்து கேக்கச் சொல்லுன்னேன். அது ஒண்ணும் சொல்லல. எங்க வூட்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை...

— அவ வந்து கேட்டாளா?

— கேட்டுச்சு.

— என்கிட்ட சொல்லவே இல்லியே.

— சொல்லியிருந்தா அவரு கத்தியை எடுத்துக்கினு வந்திருப்பாரு மேடம். அதான் சொல்லாம இருந்திருக்கும்.

— பெரியவரே, தண்ணி குடிங்க. விக்குது பாருங்க.

— ஏம்மா.

— சொல்லுங்க.

— கையில இன்னா வச்சிருக்க?

— கத்திரிக்காய் கொத்சு.

— அந்த எலைல வைக்காத.

— சாருக்கா?

— சின்ன வயசுலேருந்து ஆவாது. தின்னா ஒடம்பு பூரா தடிச்சிடும். தெரியாம தின்னுட்டு ராவெல்லாம் சொறிஞ்சிக்கினு கெடப்பான், எங்கம்மா வேப்பிலை அரைச்சிப் பூசும். அதுக்குப் பதிலா பொரியல் இன்னொரு கரண்டி வை.

— வச்சிட்டேன். சார், ஏன் தலையைக் குனிஞ்சிக்கினீங்க? காரமா?

— காரம்தான் மேடம்.

— ரசத்துல மொளகு தூக்கலா இருக்கும். மோர் ஊத்தறேன். பெரியவரே, உங்களுக்கு?

— ஊத்து.

— ரெண்டு பேரும் பாயசத்தை ஒரே மாதிரி கடைசில வச்சிருக்கீங்க.

— கணக்கைப் பாரும்மா.

— ரெண்டு சாப்பாடு முந்நூறு, வரி பதினஞ்சி. முந்நூத்திப் பதினஞ்சி போச்சு. மீதி ஆயிரத்து நூத்தி எம்பத்தஞ்சி கார்டுல நிக்குது. பாகம் கேக்காதீங்க. ஆளுக்கு ஐந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டரை வரும், அந்த அரை ரூபாக்கு நான் பஞ்சாயத்து பண்ண முடியாது.

— மேடம், மீதியை அவரே வச்சிக்கட்டும். நம்பரை அவருகிட்ட சொல்லிடறேன். ஆக்கிப் போட ஆளில்லாதவரு. வில்லியனூரு வரும்போதெல்லாம் ஒருவேளை இங்க சாப்புட்டுக்கட்டும்.

— வேணாம். நம்பர் அவன்கிட்டயே இருக்கட்டும்.

— அப்பத் தனியா வந்து எப்படி சாப்புடுவீங்க?

— தனியாதான் தெனம் சாப்புடறேனே.

— சார், வெளிய பாகூர் பஸ்ஸு நிக்குது. பெரியவரு எழுந்துட்டாரு.

— அண்ணே.

— யாரைக் கூப்புடற? அந்தப் பொண்ணையா, என்னையா?

— உன்னைத்தான். கொஞ்சம் நில்லு. தோ, தட்டு. ஓட்டல்ல வச்சித் தரேனேன்னு தப்பா எடுத்துக்காத, வூட்டுக்கு வர்ற தைரியம் எனக்கில்ல. வெள்ளிக்கிழமை, ஆறுலேருந்து ஏழரை முகூர்த்தம். நீ வரணும். என்னைத் திட்டு, அடி, எது வேணா பண்ணு. வந்து நில்லு.

— எடுத்து உள்ள வை.

— அண்ணே...

— உள்ள வைன்னு சொன்னேன்.

— பெரியவரே, அவரு தட்டை நீட்டிக்கினே நிக்கறாரு பாருங்க. நானூறு பேருக்குக் குடுத்துட்டு உங்களுதை மட்டும் சொமந்துக்கினு இருக்காரு. கையை நீட்டி வாங்கிக்கக் கூடாதா?

— நான் எதுக்கும்மா வாங்கணும்? பத்திரிகை வெளி சனத்துக்கு வைக்கறது. பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கறவனுக்கு எவன்டா பத்திரிகை வைப்பான்?