இரண்டாவது ஆள்

பகல் ஒன்றரை மணி. மே மாதம். ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் ஈ காக்கை இல்லை.

சிரிக்காதே, லலிதா. பேய் ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் பார்க்கும் என்று யார் சொன்னது? கரண்ட் வரும்வரை வாயை மூடிக்கொண்டு கேள். இது நம் யூசுப்பின் அக்கா ஜுலைகாவுக்கு நடந்தது. லாத்தா, லாத்தா என்று உயிரை விடுவானே, அவளுக்கு.

வானத்தில் போகிற விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காலை டியூட்டி முடித்து ஆபீஸ் காரில் தார்நாகா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் போன். மதிய ஷிப்ட் ஆளுக்குக் காய்ச்சலாம், திரும்பி வரவேண்டும்.

டிரைவர் பெருமாள் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஹைதராபாத் தமிழன். "நக்கோ, வேணாம் மேடம். மூஞ்சி வாடிப் போயிருக்கு. முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றான்.

அவளுக்கு முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. "திருப்புங்க பெருமாள்" என்றாள்.

இங்கே ஒரு விஷயம். ராணுவ ஜெட்டுகள் தூர ஊருக்குப் போகும்போது, பயணிகள் விமானம் பறக்கும் அதே வானத்தைத்தான் கடக்கும். இரண்டு இரண்டாகச் சேர்ந்து வரும். முன்னால் ஓட்டுகிற தலைவன் மட்டும் சிக்னல் போடுவான். கூட வருகிறவன் அணைத்துவிடுவான். திரையில் ஒரே புள்ளி. அதனால் எத்தனை விமானம் என்று கேட்டு எழுதவேண்டும். அடுத்த ஊர் அறைக்கும் அந்த எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். ரேடியோவில் தலைவன் பேசியதும், பின்னால் வருகிறவன் "டூ" என்பான். நானும் இருக்கிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவன் பேச்சு.

இரண்டு வருடம் முன்பு, இதே மாதிரி இரட்டை ஷிப்ட் பார்த்த ஒரு நாள்... ஜுலைகா அந்த "டூ"வைக் காதால் கேட்டாள். கை "ஒன்று" என்று எழுதிவிட்டது. திரையில் ஒரு புள்ளிதானே.

மேகத்துக்குள் இரண்டாமவன் பிரிந்துபோனான். தலைவனின் ரேடியோவும் செத்துப்போனது. அவன் தரையிறங்கி "என்கூட வந்தவன் எங்கே?" என்று கேட்கும்வரை, நாற்பது நிமிடம், யாரும் தேடவில்லை. காகிதத்தில்தான் அப்படி ஒருவனே இல்லையே.

விழுந்து எரிந்த விமானத்தில்தான் அவன் கிடைத்தான். சுனில். இருபத்தாறு வயது. பேப்பரில் போட்டோ வந்தது. வானிலைதான் காரணம் என்று விசாரணையை முடித்தார்கள். ஜுலைகா மட்டும் அதை முடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது, பாவம்.

சரி... திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்று மணி பத்து நிமிடம். தெற்கிலிருந்து ஒரு ராணுவ ஜெட் கூப்பிட்டது.

"எத்தனை விமானம்?"

"ஒன்றுதான், மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள். ஹெட்செட்டில் ஒரு கரகரப்பு. ஒரு மூச்சு.

"டூ."

ஏசி அறைக்குள் ஜெட் எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை... கருகிய ரப்பர் வாடையும் கலந்து. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் காதுக்குள்ளேயே இருக்கும் குரல்.

"உங்களுடன் யாராவது வருகிறார்களா?"

"இல்லை மேடம். நான் தனியாகத்தான் வருகிறேன்."

"டூ."

அடுத்த அறையான நாக்பூருக்குச் சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. ஒன்று என்றால் பிழைப்பு தப்பிக்கும். இரண்டு என்றால், இல்லாத விமானத்தைப் பார்க்கிறவள் கையில் யார் ஹெட்செட்டைக் கொடுப்பார்கள்? பின்னால் மேலதிகாரி டேனியல் வேறு நின்றுகொண்டிருந்தார். ஆனால் மறுபடியும் ஒன்று என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இரண்டு விமானங்கள்" என்றாள்.

நாக்பூர் ஆள் தடுமாறினான். "தகவலில் ஒன்று என்றுதானே வந்திருக்கிறது?"

"இரண்டு. எழுதிக்கொள்ளுங்கள்."

டேனியல் அவள் தலையிலிருந்து ஹெட்செட்டை மெதுவாகக் கழற்றினார். "எந்திரிங்கம்மா. வீட்டுக்குப் போங்க. டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் வர வேண்டாம்."

பதினாறு வருட வேலை. அவள் அழவில்லை. டிபன் டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். பெருமாளின் காரில் பின் சீட்டில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் நகர்ந்தது.

டிங்... டிங்... டிங்...

"மேடம், உங்க பக்கத்து சீட்ல பேக் வெச்சிருக்கீங்களா? வெயிட் இருக்கு, பெல்ட் போடுன்னு கத்துது."

பை அவள் மடியில்தான் இருந்தது. மண்ணெண்ணெய் வாடை. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கையை நீட்டி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்தாள்.

க்ளிக்.

சத்தம் நின்றது.

ஆபீஸ் கேட்டில் கார் நின்றது. வெளியே போகிற வண்டியில் டிரைவரைத் தவிர எத்தனை பேர் என்று காவலாளி எழுதவேண்டும். அது அங்கே வழக்கம்.

"ஒருத்தர்தான்" என்றான் பெருமாள்.

காவலாளி குனிந்து பின் சீட்டைப் பார்த்தான். பெருமாளை ஒரு மாதிரி முறைத்தான். பிறகு நோட்டில் 2 என்று எழுதிவிட்டுக் கேட்டைத் தூக்கினான்.