பதினேழாம் இலக்கப் போத்தில்

ஏரம்பு: சிவப்போ?

அற்புதராணி: ஓம் ஐயா. உங்கடை தண்ணி சோதினையிலை சிவப்பு.

ஏரம்பு: இல்லைத் தங்கச்சி, வடிவாய்ப் பாருங்கோ. அது வேறை ஆரின்ரையோ போத்திலாய் இருக்கும்.

அற்புதராணி: பதினேழாம் இலக்கம். கந்தையா ஏரம்பு, தோட்டக் கிணறு. இஞ்சை பாருங்கோ, ஒட்டின கடுதாசியிலை என்ரை கையெழுத்துத்தான்.

ஏரம்பு: அது சிவப்பாய் வராது.

அற்புதராணி: ஏன் வராது?

ஏரம்பு: வராது எண்டால்... வராது.

மீனாம்பிகை: இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையை வெயிலுக்கை நிக்க வைச்சே உந்தக் கேள்வியெல்லாம் கேக்கிறது? தங்கச்சி, சைக்கிளைப் பூவரசோடை சாத்திப்போட்டு இப்பிடி வந்து கதிரையிலை இருங்கோ.

அற்புதராணி: பரவாயில்லை அம்மா. இன்னும் ஆறு வீடு கிடக்கு.

மீனாம்பிகை: ஆறு வீடும் எழும்பி ஓடாது. இருங்கோ. ரெண்டு கிழமைக்கு முந்தி வந்தனியளல்லே... அதுக்குள்ளை எப்பிடி மெலிஞ்சு போனியள்! கண்ணெல்லாம் உள்ளுக்கை போட்டுது. நித்திரை கொள்ளுறேல்லையோ?

அற்புதராணி: கொள்ளுறனான்... இடைக்கிடை.

மீனாம்பிகை: பிள்ளை குட்டி இருக்கோ?

அற்புதராணி: நான் முதல்லை சொல்ல வந்ததைச் சொல்லிப்போடுறன் அம்மா. ஐயா, கேளுங்கோ. உரத்திலை நைத்திரேற்று எண்டு ஒரு சாமான் இருக்கு. அது உங்கடை தண்ணியிலை இருக்க வேண்டியதிலும் மூண்டு மடங்கு கூட இருக்கு.

ஏரம்பு: நான் உரம் போடுறது வெங்காயத்துக்கு. கிணத்துக்கில்லையே.

அற்புதராணி: வெங்காயம் எவ்வளவைத் தின்னும்? நீங்கள் போடுறதிலை பாதி வரும். மிச்சத்தை இறைக்கிற தண்ணி கீழை கொண்டு போகுது. செம்மண்ணுக்குக் கீழை சுண்ணாம்புக் கல்லு. அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாய்க் கிடக்கு. அதாலை இறங்கி நிலத்தடித் தண்ணியோடை சேருது. நாளைக்கு மிசினைப் போட்டு அதையே திருப்பி இறைக்கிறியள். பிறகும் உரம் போடுறியள். பிறகும் இறங்குது...

ஏரம்பு: நான் கிணத்துக்கை மீன் விட்டிருக்கிறன். துள்ளித் திரியுது. தண்ணி பிழையெண்டால் முதல்லை அதெல்லே சாகவேணும்?

அற்புதராணி: மீனுக்குப் பொறுக்கும் ஐயா.

ஏரம்பு: தங்கச்சி, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உந்த யூரியாவை ஆர் கொண்டந்தது? என்ரை அப்பு ஆடாதோடைக் குழையும் பூவரசங் குழையும்தான் தாட்டவர். பட்டி மாட்டைக் கொண்டந்து தோட்டத்திலை அடைச்சவர். உங்கடை அரசாங்கக் கந்தோர்க்காரர்தான்—

அற்புதராணி: எங்கடை கந்தோர் இல்லை, அது வேறை—

ஏரம்பு: ஏதோ ஒரு கந்தோர். ஜீப்பிலை லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து, போடுங்கோ போடுங்கோ எண்டவை. நானும் போட்டன். முன்மாதிரி விவசாயி எண்டு எனக்கொரு சேட்டிபிக்கற்றும் தந்தவை. அந்தா, சுவரிலை தொங்குது. இப்ப நீங்கள் சைக்கிளிலை வந்து போடாதேங்கோ எண்டுறியள்.

அற்புதராணி: போடாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. குறையுங்கோ எண்டுதான். தண்ணியையும் குறைச்சு இறையுங்கோ.

ஏரம்பு: துலா மிதிச்ச காலத்திலை எங்களுக்குக் களைச்சுப்போம். நாங்கள் இளைப்பாற, கிணறும் ஊறிப்போடும். இப்ப மிசின். அது எங்கை களைக்கப் போகுது? அடி காணும் வரைக்கும் இழுக்குது.

அற்புதராணி: நீங்கள் இஞ்சை அடி காண இழுக்க, அங்கை கரைப்பக்கத்திலை கடல் உள்ளுக்கை ஏறுது ஐயா. நல்ல தண்ணி பாரமாய் மேலை நிண்டால்தான் உப்புத் தண்ணி கீழை அடங்கிக் கிடக்கும். எங்கடை வீட்டுக் கிணத்திலை என்ரை அம்மா ஒரு காலத்திலை சோறு காய்ச்சினவ. இப்ப கால் கழுவினாலும் கடிக்குது.

ஏரம்பு: அதுக்கும் நான்தானோ காரணம்?

அற்புதராணி: நீங்கள் எண்டு சொல்லேல்லை. எல்லாரும்தான். ஐயா, விடிஞ்சதிலையிருந்து இதையே சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்து போச்சு. பதினாலாம் இலக்க வீட்டிலை நாயை அவிட்டு விட்டவை. நீங்கள் கதிரையாவது தந்தியள்.

மீனாம்பிகை: இந்தாங்கோ, தேத்தண்ணி. எங்கடை கிணத்துத் தண்ணிதான்... இனிக் குடிக்கலாமோ, தங்கச்சி?

அற்புதராணி: பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் செய்யாது. தாங்கோ. குழந்தையளுக்குத்தான் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதுகள். இந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சுச் சூப்பிப் போத்திலிலை குடுத்தால், இரத்தம் காத்தைப் பிடிக்காது. முதல்லை உதடு நீலிக்கும். பிறகு நகம். பாலை உறிஞ்சவும் பலம் இருக்காது... வாயை மட்டும் வைச்சுக்கொண்டு எங்களைப் பாக்கும்.

மீனாம்பிகை: கண்ணாலை கண்ட மாதிரியெல்லே சொல்லுறியள்.

அற்புதராணி: கண்டிருக்கிறன். அது வேறை ஒரு நோய்.

மீனாம்பிகை: அப்ப நல்லாய்க் கொதிக்க வைச்சுக் குடுத்தால்?

அற்புதராணி: கொதிக்க வைச்சால் கூடும். கிருமிதான் சாகும், இது சாகாது. தண்ணி வத்த வத்த இது மிஞ்சும்.

மீனாம்பிகை: ருசியிலை தெரியாதோ?

அற்புதராணி: ருசியும் இல்லை, மணமும் இல்லை.

ஏரம்பு: அப்ப... கிணத்துக்கட்டிலை சிவப்புப் பெயின்ற் பூசப்போறியள்.

அற்புதராணி: பூசத்தான் வேணும். ஒரு சின்ன வட்டம்.

மீனாம்பிகை: தங்கச்சி, வாற கிழமை மாப்பிள்ளை வீட்டார் காணி பாக்க வருகினம். எங்கடை பத்மாவதிக்கு நாங்கள் குடுக்கிறது இந்தத் தோட்டமும் கிணறும்தான். வேறை ஒண்டும் இல்லை. வந்து கட்டிலை சிவப்பு வட்டத்தைக் கண்டால்—

ஏரம்பு: நீர் சும்மா இரும்.

மீனாம்பிகை: ஏன் சும்மா இருக்க? அதுக்காகத்தானே நீங்கள் அண்டைக்கு—

ஏரம்பு: மீனாம்பிகை!

மீனாம்பிகை: ...சரி. நான் கதைக்கேல்லை.

அற்புதராணி: அம்மா, உங்கடை கிணறு மட்டும் இல்லை. நாப்பது கிணறு பாத்ததிலை இருபத்தாறு சிவப்பு. மாப்பிள்ளை வீட்டாற்றை கிணறும் அதுக்குள்ளை இருக்கலாம்.

மீனாம்பிகை: அப்ப கைக்குழந்தை உள்ள வீடுகள் என்ன செய்யிறது? பக்கத்து வளவிலை நமசிவாயத்தின்ரை மருமகள் பெத்து ரெண்டு மாதமாகேல்லை. அதுக்குப் பாலும் இல்லை, மாதான் கரைக்கினம்.

அற்புதராணி: அந்த வீட்டுக்கும் சொல்லிப்போட்டுத்தான் வாறன். மடத்தடிக் கிணத்திலை அள்ளச் சொல்லியிருக்கு.

ஏரம்பு: எங்கை?

அற்புதராணி: சந்தியிலை, மடத்தடிக் கிணறு. ஏன் ஐயா?

ஏரம்பு: ஒண்டும் இல்லை... சொல்லுங்கோ.

அற்புதராணி: சுத்தவரத் தோட்டம் இல்லை. மூண்டு ஊர்ச் சனம் குடிக்குது. எங்கடை கரைப்பக்கத்துக்கும் அதிலையிருந்துதான் பவுசர் லொறியிலை தண்ணி வருது. எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறம்.

ஏரம்பு: எத்தினை வீட்டுக்குச் சொன்னியள்?

அற்புதராணி: இண்டைக்கு வரைக்கும் பதினொரு வீடு. எல்லாம் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையள்.

ஏரம்பு: பதினொண்டு...

மீனாம்பிகை: கேட்டியளோ?

ஏரம்பு: கேட்டது. தங்கச்சி, அந்தக் கிணத்தை நீங்கள் சோதிச்சனியளோ?

அற்புதராணி: இல்லை.

ஏரம்பு: ஏன் சோதிக்கேல்லை?

அற்புதராணி: றெயில் கோச்சி ஓடாமல் நிண்டு ரெண்டு மாதமாச்சு ஐயா. சோதிக்கிற மருந்து கொழும்பிலையிருந்து வரவேணும். இருந்த மருந்து நாப்பது போத்திலுக்குத்தான் காணும். சந்தேகமான கிணறுகளை முதல்லை பாக்கச் சொன்னவை. மடத்தடிக் கிணத்தை ஆர் சந்தேகப்படுவினம்? அந்தத் தண்ணியின்ரை ருசிக்கு—

ஏரம்பு: ருசியிலை தெரியாது எண்டு இப்பதான் சொன்னியள். கீழை அரிதட்டு மாதிரி எண்டும் சொன்னியள். அப்ப கீழை எல்லாம் ஒரே தண்ணிதானே? அது மட்டும் எப்பிடித் தப்பி நிக்கும்?

அற்புதராணி: ஐயா, எனக்குக் களைக்குது. உங்களோடை நியாயம் பிளக்க எனக்குச் சத்தி இல்லை. உங்கடை கிணறு சிவப்பெண்ட கோவத்திலை ஊர்க் கிணறெல்லாம் சிவப்பாய் இருக்கவேணும் எண்டு நிக்கிறியள்.

ஏரம்பு: அப்பிடி இல்லைப் பிள்ளை.

அற்புதராணி: வேறை எப்பிடி? இதைக் குடியாதேங்கோ, அதைக் குடியாதேங்கோ எண்டு வீடு வீடாய்ச் சொல்லிக்கொண்டு வாறன். அப்ப எதைக் குடிக்கிறது எண்டு தாய்மார் கேக்குதுகள். கையை நீட்டிக் காட்ட எனக்கு ஒரு கிணறாவது வேணும். அதையும் பறியாதேங்கோ.

மீனாம்பிகை: இஞ்சேருங்கோ. சொல்லுங்கோ.

ஏரம்பு: என்னத்தை?

மீனாம்பிகை: நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்.

ஏரம்பு: பொறுமப்பா... மகளின்ரை காரியம்...

மீனாம்பிகை: அவளும் நாளைக்கு ஒண்டைப் பெறத்தானே போறாள்? நமசிவாயத்தாரின்ரை மருமகள் இப்பவே வாளியோடை வெளிக்கிட்டிருப்பாள்.

அற்புதராணி: என்ன ரெண்டு பேரும் கதைக்கிறியள்? எனக்கு நேரம் போகுது. பெயின்ற்றைப் பூசிப்போட்டு நான் வெளிக்கிடுறன்.

ஏரம்பு: பூசுங்கோ, நான் மறிக்கேல்லை. அதுக்கு முதல்... தங்கச்சி, அண்டைக்குக் காலமை நீங்கள் போத்திலை என்னட்டைத் தந்துபோட்டுப் பின்னேரம் வந்து எடுக்கிறன் எண்டு போனியள்.

அற்புதராணி: ஓம். இறைப்பு முடிஞ்சு தண்ணி தெளியட்டும் எண்டு.

ஏரம்பு: நான் எங்கடை கிணத்திலை அள்ளேல்லை.

அற்புதராணி: என்ன?

ஏரம்பு: சிவப்பு வந்தால் சம்மந்தம் குழம்பிப்போம் எண்டு பயந்திட்டன். போத்திலைச் சால்வைக்குள்ளை சுத்திக்கொண்டு சைக்கிளை எடுத்தன். நல்ல தண்ணியாய்ப் பாத்து அள்ளிக் குடுத்தால் நல்ல றிப்போட் வருந்தானே எண்டு... எனக்குத் தெரிஞ்ச நல்ல தண்ணி ஒண்டுதான்.

அற்புதராணி: எங்கை அள்ளினியள்?

மீனாம்பிகை: மடத்தடிக் கிணத்திலை, தங்கச்சி.

ஏரம்பு: முதல் வாளியை ஊத்திப்போட்டு ரெண்டாம் வாளியிலை பிடிச்சனான். நீங்கள் சொன்ன மாதிரியே போத்திலை மூண்டு தரம் கழுவினனான். மற்றதிலை ஒரு பிழையும் விடேல்லை. எங்கடை கிணத்துக்கும் பூசுங்கோ, சோதிக்காமலே பூசுங்கோ. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். ஆனால் அந்தப் பதினொரு வீட்டுக்கும் இண்டைக்கே போய்ச் சொல்லவேணும். நானும் வாறன். என்ரை வாயாலையே சொல்லுறன்.

மீனாம்பிகை: தங்கச்சி... தேத்தண்ணி ஊத்துண்டு போகுது, தாங்கோ இஞ்சை. ஒரு சொட்டு நேரம் இருங்கோ.

அற்புதராணி: விடுங்கோ அம்மா. என்ரை சைக்கிள் எங்கை?

மீனாம்பிகை: பூவரசடியிலைதானே விட்டனியள்.

ஏரம்பு: பொறுங்கோ தங்கச்சி, நானும் சைக்கிளை எடுக்கிறன். முதல்லை ஆற்றை வீட்டை போறியள்?

அற்புதராணி: நமசிவாயத்தார் வீட்டை நீங்கள் ஓடுங்கோ. மற்ற வீடுகள் இந்தக் கொப்பியிலை இருக்கு, பிடியுங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். என்ரை மகன் அங்கை கிடக்கிறான் ஐயா, இண்டைக்கு ஒன்பதாம் நாள். மூண்டரை மாதம். நெஞ்சிலை ஓட்டையோ எண்டு தேடிக்கொண்டிருக்கினம். எனக்கு லீவு முடிஞ்சுது, பகலிலை அக்கா யோசப்பின் பாக்கிறா, இரவிலை நான். ஆஸ்பத்திரித் தண்ணியிலை நம்பிக்கை இல்லாமல் நான்தான் நெடுக வீட்டிலை கொதிக்க வைச்சுச் சுடுதண்ணிப் போத்திலிலை கொண்டு போறன்... உதடு நீலிச்சு வந்த முதல் நாளே டொக்டர் கேட்டவர், என்ன தண்ணியிலை பால் கரைக்கிறியள் எண்டு. தண்ணி சோதிக்கிற பொம்பிளை சொன்னதெண்டு அவரும் பிறகு கேக்கேல்லை. மடத்தடித் தண்ணி டொக்டர், அதிலை ஒரு பிழையும் வராது எண்டு நான்தான் சொன்னனான்.